படத்தில் நின்று பார்ப்பது: காமிக்ஸ் ஓவியர்களையும் சித்திரக்காரர்களையும் ரசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு காமிக்ஸ் பக்கத்தைப் படித்து முடிக்க நமக்கு அரை நிமிடம் போதும். வரைந்தவருக்கு அது ஒரு நாள் வேலை. மாதம் ஒன்றாக வெளிவரும் அமெரிக்க இதழ்களில், பென்சிலில் வரைபவர் ஏறக்குறைய நாளுக்கு ஒரு பக்கம் என்று ஓடினால்தான் இருபது சொச்சம் பக்கங்கள் மாதக் கடைசிக்குள் முடியும். அதற்குப் பிறகு மை போடுபவர், வண்ணம் தருபவர், வசனம் வரும் பலூனுக்குள் எழுத்து எழுதுபவர் என்று ஒவ்வொருவராக அதே பக்கத்தின் மேல் குனிய வேண்டும்.

சின்ன வயதில் நான் காமிக்ஸை ரசித்தவன் இல்லை, முடித்தவன். கதை தெரிந்துவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவேன். ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது கையில் புதிதாக எதுவும் இல்லை. பத்துத் தடவை படித்த பழைய புத்தகத்தையே புரட்டினேன். வசனமெல்லாம் மனப்பாடம் என்பதால் கண் அதன் பக்கமே போகவில்லை. வில்லனின் அறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. கட்டத்துக்குக் கட்டம் அதன் முள் நகர்ந்துகொண்டே வந்தது. யாரோ ஒருவர் மெனக்கெட்டு அதை நகர்த்தியிருக்கிறார், பத்துத் தடவையும் நான் கவனிக்கவில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து மெதுவாகப் பழகிக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். வரையத் தெரிய வேண்டியதில்லை. ஏற்கெனவே பிடித்த ஒரு புத்தகம், ஒரு பென்சில், சில வெள்ளைத் தாள்கள் இருந்தால் சரி. புதுப் புத்தகம் வேண்டாம். அதில் கதை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும்.

படி 1: முதலில் சும்மா படியுங்கள்

முதல் வாசிப்பில் ஆராய்ச்சி வேண்டாம். எந்த இடத்தில் சிரித்தீர்கள், எங்கே பக்கத்தை அவசரமாகத் திருப்பினீர்கள், எங்கே குழம்பினீர்கள் என்று மட்டும் நினைவில் வையுங்கள். அந்த இடங்களுக்குத்தான் திரும்பி வரப்போகிறோம்.

படி 2: வசனத்தை மறையுங்கள்

பலூன்களின் மேல் சின்னச் சின்னத் தாள் துண்டுகளை வைத்துவிட்டு ஒரே ஒரு பக்கத்தைப் பாருங்கள். யார் கோபமாக இருக்கிறார், யார் பொய் சொல்கிறார், யார் யாருக்குப் பயப்படுகிறார் என்பது படத்தை மட்டும் வைத்துத் தெரிகிறதா? நல்ல ஓவியர் என்றால் பெரும்பாலும் தெரியும். தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கை எங்கே ஒளிந்திருக்கிறது, இருவருக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள். முகபாவத்தை எல்லோரும் கவனிப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கைகளை. வரைவதற்குக் கஷ்டமானவை என்பதால் தப்பிக்க நினைப்பவர்கள் அவற்றைப் பாக்கெட்டுக்குள் போட்டுவிடுவார்கள், அல்லது கட்டத்துக்கு வெளியே வெட்டிவிடுவார்கள். கைகளை நடிக்க வைக்கிற ஓவியரைக் கண்டால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும்.

இரண்டு பேர் நின்று பேசும் காட்சி கிடைத்தால் அங்கேயே கொஞ்ச நேரம் இருங்கள். சண்டைக் காட்சி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆறு கட்டத்துக்கு இருவர் பேசிக்கொண்டே இருந்தால்தான் ஓவியருக்குச் சோதனை. அமெரிக்க ஓவியர் வாலி வுட் இதற்காகவே இருபத்திரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு குறிப்பு வைத்திருந்தார். முகத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டு, ஆட்களை நிழலுருவமாக்கு, முன்னால் ஏதாவது பொருளைப் பெரிதாக வை என்பது போன்ற வழிகள் அதில் இருந்தன. அவர் மறைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒற்றைத் தாளின் நகல் ஓவியர்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் புத்தகத்தின் பேச்சுக் காட்சியில் எத்தனை விதமான கோணங்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

படி 3: கோட்டோடு போங்கள்

இப்போது ஒரு கட்டத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து, ஒரே ஒரு கோட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடருங்கள். அது ஒரே தடிமனா, மெலிந்து தடித்து மெலிகிறதா? தூரிகையால் போட்ட மைக்கோடு அழுத்தத்துக்கு ஏற்ப வீங்கி ஒடுங்கும். தொட்டு எழுதும் உலோக நிப்பும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு கீறல் தன்மை கூடும். டெக்னிக்கல் பேனாவில் தொடக்கம் முதல் முடிவு வரை தடிமன் மாறாது. கணினித் திரையில் வரைபவர்கள் மென்பொருளில் இவை எல்லாவற்றையும் வரவழைத்துக்கொள்கிறார்கள் என்றாலும், கை வேகமாகப் போனதா தயங்கியதா என்பதைக் கோடு அங்கேயும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு முனையில் பெல்ஜியத்தின் ஹெர்ஜே. 1929-இல் டின்டின் காமிக்ஸ் தொடரைத் தொடங்கியவர். அவர் முதிர்ந்த பாணியில் எல்லாக் கோட்டுக்கும் ஏறத்தாழ ஒரே கனம், நிழலுக்கு அடுக்குக் கோடுகள் இல்லை, வண்ணம் சமதளமாக விழும். மனிதர் முகம் இரண்டு புள்ளியும் ஒரு வளைவும்தான், ஆனால் பின்னால் நிற்கும் காரும் கப்பலும் விவரம் பிசகாமல் இருக்கும். இந்த முறைக்குத் 'தெளிவான கோடு' என்ற பெயரை 1977-இல் சூட்டியவர் டச்சு ஓவியர் யூஸ்ட் ஸ்வார்ட்டே. பார்க்க எளிமை, செய்வது அப்படியல்ல. நிழலும் கீறலும் இருந்தால் தவறான கோட்டை அதற்குள் ஒளித்துவிடலாம். இங்கே ஒளிய இடமே கிடையாது.

மறு முனையில் அமெரிக்க ஓவியர் ஜாக் கிர்பி. தடித்த கருமை, கட்டத்தை உடைத்துக்கொண்டு வரும் முட்டி, விண்வெளியில் சக்தி கொப்பளிக்கும் இடமெல்லாம் கூட்டம் கூட்டமாகக் கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு ரசிகர்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். உற்றுப் பாருங்கள்: ஒளியை அவர் வரையவே இல்லை. சுற்றிலும் கருப்பைப் போட்டு, நடுவில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார்.

இந்த இருவரில் யார் பெரியவர் என்று கேட்காதீர்கள். துப்பறியும் கதையில் தடயம் தெளிவாகத் தெரிய வேண்டும். பிரபஞ்சமே இடிகிற கதையில் தெளிவைவிட அதிர்ச்சிதான் முக்கியம். கோடு கதைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதனால்தான் 'போட்டோ மாதிரியே இருக்கிறது' என்ற பாராட்டு எனக்குக் கொஞ்சம் ஒவ்வாது. போட்டோ போல வரையத் தெரிந்தும் அப்படி வரையாமல் விட்டவர்கள் ஏராளம்.

படி 4: கட்டம், நடுவெளி, பக்கம்

கொஞ்சம் அதிக நேரம் இதற்கு ஒதுக்குங்கள். காமிக்ஸ் என்ற கலைக்கே சொந்தமான விஷயம் இதுதான். கோடும் வண்ணமும் எந்த ஓவியத்திலும் உண்டு. படத்துக்குப் பக்கத்தில் படம் வைத்து நேரத்தை உண்டாக்குவது இங்கேதான்.

முதலில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடத்தைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்ததில் உடைந்து கிடக்கும் பூச்சாடி. அடித்ததை யாரும் வரையவில்லை, உங்கள் மூளை அடித்துக்கொண்டது. அந்த வெள்ளைக்குள் ஒரு நொடியும் போகலாம், இருபது வருடமும் போகலாம். உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு இடைவெளிக்கும் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துப் பாருங்கள். நொடி, நொடி, நொடி, ஒரு இரவு, நொடி என்று வரும். கதையின் தாளம் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் கட்டத்தின் வடிவம். 1908 ஜூலை 26 அன்று வெளியான 'லிட்டில் நீமோ' செய்தித்தாள் தொடரின் ஞாயிறு பக்கத்தைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். வரைந்தவர் வின்சர் மெக்கே. ஒரு சிறுவனின் கட்டிலுக்குக் கால்கள் நீண்டுகொண்டே போய், நகரத் தெருவில் அது நடக்க ஆரம்பிக்கிறது. கால்கள் வளர வளரக் கட்டங்களும் உயரமாகிக்கொண்டே போகின்றன. சம அளவுக் கட்டங்களில் இதையே வரைந்திருந்தால் கட்டிலைச் சிறிதாக்க வேண்டி வந்திருக்கும், நமக்கு அந்த உயரம் வயிற்றில் உறைத்திருக்காது.

ஜார்ஜ் ஹெரிமன் செய்தது வேறொரு விளையாட்டு. 1913 முதல் 1944 வரை அவர் வரைந்த 'கிரேஸி கேட்' செய்தித்தாள் தொடரில் பாத்திரங்கள் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும், பின்னால் உள்ள மலை அடுத்த கட்டத்தில் மரமாகிவிடும், பகல் இரவாகிவிடும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கதைக்காக ஓடியவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. என் கடிகாரத்தைப் போல.

இப்போது புத்தகத்தை ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி முழுப் பக்கத்தையும் பாருங்கள். விவரம் மங்கி, கருப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக நிற்கும். கருப்பு எங்கே குவிந்திருக்கிறது? கண் எந்த மூலையில் நுழைந்து எங்கே வெளியேறுகிறது? ஒருவர் பார்க்கும் திசையும், கத்தி நீளும் திசையும், பலூனின் வாலும் சேர்ந்து உங்களை அடுத்த கட்டத்துக்குக் கைபிடித்து அழைத்துப்போகும். வழி தவறி, எதை முதலில் படிப்பது என்று முழித்த பக்கம் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். தோற்ற பக்கங்கள்தான் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தன.

கடைசியாக, பக்கம் திரும்பும் இடம். இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில் வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம் கதவு மாதிரி. கேள்வியை அங்கே வைத்து, பதிலைத் திருப்பினால் மட்டும் தெரிகிற மாதிரி மறுபக்கத்தில் வைப்பார்கள். டின்டின் முதலில் ஒரு செய்தித்தாளின் சிறுவர் இணைப்பில் வாரம் இரண்டு பக்கமாக வந்த தொடர். ஒவ்வொரு வாரமும் வாசகரைத் தொங்கவிட வேண்டிய கட்டாயம் இருந்தது. இன்று முழுப் புத்தகமாகப் படித்தாலும் பக்கத்தின் அடியில் திடுக்கிடும் கட்டங்கள் அடிக்கடி வருவதற்கு அந்தப் பழைய கட்டாயமும் ஒரு காரணம். போன் திரையில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் படிக்கும்போது இந்தக் கதவு காணாமல் போகிறது. முடிந்தால் தாளில் ஒரு முறை படியுங்கள். மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கவென்றே வரையப்படும் தொடர்களில் இடைவெளியின் நீளம் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு ஆள் கீழே விழுகிறார் என்றால் வெறும் வெள்ளையைப் பல விரல் நீளத்துக்கு விட்டிருப்பார்கள்.

படி 5: எழுத்தும் படம்தான்

பலூனை எழுத்தாளர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எந்தப் பலூன் மேலே, எது கீழே, அது யாருடைய தலையை மறைக்கக்கூடாது என்பதெல்லாம் வடிவமைப்பு. நடுங்கும் விளிம்பு, கூர்முனை விளிம்பு, பெரிய பலூனுக்குள் சின்னஞ்சிறு எழுத்து: ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல்.

மொழிபெயர்ப்புகளைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானியம் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் மாங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸில் பலூன்கள் உயரமாக, ஒடுக்கமாக இருக்கும். அதற்குள் படுக்கைவாட்டில் எழுதும் மொழி நுழைந்தால் சொற்கள் முறிந்து முறிந்து விழும். தமிழில் கேட்கவே வேண்டாம், 'ஓடிக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒற்றைச் சொல் போதும், பலூன் வெடித்துவிடும். அதை 'ஓடுறாங்க' என்று சுருக்கி, படத்தையும் கெடுக்காமல் பொருத்தியவர் கெட்டிக்காரர். முன்பு சில மாங்காக்களை இடமிருந்து வலமாகப் படிப்பதற்காகக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி அச்சிட்டார்கள். அதில் வலக்கைக்காரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். ஓவியர் திட்டமிட்ட, கண் ஓடும் திசையும் தலைகீழானது.

படி 6: வண்ணத்தையும் அச்சையும் சேர்த்துப் பாருங்கள்

பழைய அமெரிக்க காமிக்ஸ் ஒன்றின் பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தோலின் நிறம் சிவப்புப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். சயன் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் ஆகிய மூன்றையும் பூஜ்ஜியம், கால், அரை, முழு என்ற நான்கு அளவுகளில் கலந்தால் 64 நிறங்கள். அவ்வளவுதான் பெட்டியில் இருந்தது. கோடுகளுக்குக் கருப்பு தனி. மட்டமான தாள் மையைக் குடித்து நிறத்தை மங்கச் செய்யும் என்று தெரிந்தே அவர்கள் நிறம் தேர்ந்தார்கள். அதே நிறங்களைப் பளபளத் தாளில் மறுபதிப்புச் செய்யும்போது கண்ணைக் கூசுகிறது என்றால், குற்றத்தை வண்ணம் தந்தவர் தலையில் போடாதீர்கள்.

அசல் பக்கத்தைக் காட்சியில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். அமெரிக்க முறையில் 11க்கு 17 அங்குல அட்டையில் வரைந்து, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கி அச்சிடுவது வழக்கம். அசலில் வெள்ளை மை பூசி மறைத்த தவறுகள், மேலே ஒட்டிய தாள் துண்டுகள், ஓரத்தில் வெளிர்நீலப் பென்சில் குறிப்புகள் எல்லாம் தெரியும். அச்சுக்கான பழைய கேமரா பிலிமில் அந்த நீலம் விழாது என்பதால்தான் அந்தப் பென்சில்.

படி 7: கதைப் புத்தகச் சித்திரம் என்றால்

கதைக்கு நடுவே வரும் தனிச் சித்திரத்தில் கேள்வி மாறும்: இந்த அத்தியாயத்தில் எத்தனையோ நடக்க, ஓவியர் ஏன் இந்தக் கணத்தை எடுத்தார்? அடி விழுந்த கணத்தையா, விழப்போகும் கணத்தையா? எழுத்தில் இல்லாத எதை உள்ளே கொண்டுவந்தார்? எழுத்தில் இருந்ததில் எதை விட்டுவிட்டார்?

படம் பக்கத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆலிஸ் கண்ணாடிக்குள் நுழையும் கதை 1871-இல் வெளிவந்தபோது அதற்குச் சித்திரம் வரைந்த ஜான் டெனியலின் இரண்டு படங்கள் ஒரே தாளின் முன்னும் பின்னும் அச்சாகின. முன்பக்கத்தில் அவள் கண்ணாடிக்குள் போகிறாள், தாளைத் திருப்பினால் மறுபுறம் வெளியே வருகிறாள். நாம் திருப்பும் தாள்தான் கண்ணாடி. பின்னால் வந்த பல பதிப்புகளில் படங்களை வசதிக்குத் தகுந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். படம் இருக்கிறது, வித்தை இல்லை.

படி 8: யார் செய்தது என்று தேடுங்கள்

முன் அட்டை, பின் அட்டை, உரிமைப் பக்கம், முதல் பக்கத்தின் அடி என்று நான்கு இடத்திலும் பாருங்கள். ஒரே பெயர்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய செதுக்குச் சித்திரங்களில் இடப்பக்க அடியில் 'டெல்.', வலப்பக்க அடியில் 'எஸ்சி.' என்ற லத்தீன் சுருக்கங்கள் வரும். முன்னது வரைந்தவர், பின்னது செதுக்கியவர். டெனியல் படங்களை மரக்கட்டையில் செதுக்கியவர்கள் டால்சியல் சகோதரர்கள். நாம் 'டெனியலின் கோடு' என்று வியப்பது அவர்கள் உளியின் வழியாக வந்ததுதான்.

பெயர் தொலைவதும் இந்தத் துறையில் சாதாரணமாக நடந்திருக்கிறது. சூப்பர்மேனை உருவாக்கிய எழுத்தாளர் ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷுஸ்டரும் 1938-இல் 130 டாலருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் அவர்கள் பெயரில்லாமலே பாத்திரம் பறந்தது. 1975-இன் இறுதியில்தான் பெயர்களைத் திரும்பப் போட ஒப்பந்தமானது. அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனின் 1963-ஆம் ஆண்டு ஓவியம் 'வாம்!' லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு மூலப்படம், முந்தைய ஆண்டு ஒரு போர் காமிக்ஸில் இர்வ் நோவிக் வரைந்த கட்டம். அந்த ஓவியத்தைத் தெரிந்த அளவுக்கு நோவிக்கைத் தெரிந்தவர்கள் குறைவு.

இதில் நானும் யோக்கியன் இல்லை. ஒரு முறை பிடித்த சித்திரம் ஒன்றைப் பகிரும்போது சதுரமாக வெட்டினேன், மூலையில் இருந்த கையொப்பம் போய்விட்டது. வரைந்தவரே வந்து, 'பிடித்ததற்கு நன்றி, பெயரையும் சேர்த்துப் போட முடியுமா?' என்று பணிவாகக் கேட்டார். பகிர்வதென்றால் முழுப் படம், பெயர், அவர் பக்கத்துக்கு வழி. மூன்றும் இல்லையென்றால் பகிராமல் இருப்பதே மேல்.

படி 9: ஒரு பக்கத்தை நகலெடுங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட வேகமாகக் கண்ணைத் திறப்பது இதுதான். அழகாக வர வேண்டியதில்லை, யாருக்கும் காட்டவும் வேண்டாம். முதலில் பக்கத்தைத் தீக்குச்சி மனிதர்களாக உள்ளங்கை அளவில் வரையுங்கள். கட்டங்கள் எவ்வளவு, ஆட்கள் எங்கே, பலூன் எங்கே, அவ்வளவே. பிறகு ஒரே ஒரு கட்டத்தை எடுத்து முழுதாக வரையப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு காது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள். அந்த இடத்தில் ஓவியர் என்ன செய்து தப்பித்தார் என்று திரும்பிப் பார்ப்பீர்கள் இல்லையா, அந்தப் பார்வை வேறு. எனக்கு இடித்தது சட்டை மடிப்பு. பத்துக் கோடு என்று நினைத்திருந்தேன். எண்ணினால் மூன்று.

படி 10: அவரிடம் சொல்லுங்கள்

'சூப்பர்' என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் ஓவியருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. நீங்கள் நின்ற இடத்தைச் சொல்லுங்கள். 'மூன்றாம் பக்கத்தில் அம்மா கதவை மூடும் கட்டத்தில் முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டியிருந்தீர்கள், அங்கே நின்றுவிட்டேன்' என்று ஒரு வரி போதும். கூடவே 'எனக்கும் சும்மா ஒன்று வரைந்து தாருங்களேன்' என்று கேட்டுவிடாதீர்கள். புத்தகத்தை வாங்குங்கள், இல்லையென்றால் நூலகத்தில் கேட்டு வரவழையுங்கள். உங்களுக்குப் பிடிக்காததை அவர்களாகக் கேட்காதவரை அவர்களிடமே போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

கார்ல் பார்க்ஸ் 1940-களின் தொடக்கத்திலிருந்து டொனால்ட் டக் காமிக்ஸ் வரைந்தவர். அந்த இதழ்களில் ஓவியர் பெயர் அச்சாவதில்லை. ஆனாலும் வாசகர்கள் கோட்டையும் கதை ஓட்டத்தையும் வைத்தே அவரைப் பிரித்தறிந்தார்கள். பெயர் தெரியாததால் 'நல்ல வாத்து ஓவியர்' என்று அழைத்துக்கொண்டார்கள். 1960 வாக்கில்தான் ரசிகர்கள் அவர் யார் என்று கண்டுபிடித்து அவருக்கே கடிதம் போட்டார்கள். அதற்குள் அவர் வாத்துகளை வரையத் தொடங்கிப் பதினேழு பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.